சென்னையில் ஒரு பிள்ளை தொலைகிறது: முதல் சஸ்பென்ஸ் நாவல் எழுதப்போகிறவர்களுக்கு

காணும் பொங்கலன்று மெரினாவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். போலீஸ்காரர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்து, வரும் குழந்தைகளின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதில் பெற்றவர்களின் செல்போன் எண்ணை எழுதி அனுப்புவார்கள். கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் யாராவது அந்த எண்ணைக் கூப்பிட்டுச் சொல்லலாம். சில வருஷங்களுக்கு முன்பு என் அக்கா மகளைத் தூக்கிக்கொண்டு நானும் அந்த வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டியம்மா, பேரனோடு. பெண் போலீஸ் எண் கேட்டார். பாட்டி இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, நாலாக மடித்த ஒரு சீட்டைப் பிரித்து, அதைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். பையன் நிமிர்ந்து, "ஆயா, அது அப்பா நம்பர் இல்ல" என்றான். பாட்டி பதில் சொல்லவில்லை. சீட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு பையனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அது பெரியப்பா எண்ணாக இருந்திருக்கும், பக்கத்து வீட்டு எண்ணாக இருந்திருக்கும். ஆனால் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

குழந்தைக் கடத்தலை வைத்து நாவல் எழுத நினைத்து என்னிடம் வருகிற புதியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கடத்தினது யாருன்னு வச்சா நல்லா இருக்கும்?" அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பட்டையில் இருக்கும் எண் யாருடையது, அதை ஏன் வீட்டில் மறைத்தார்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கடத்தல் ஒரே நாளில் நடந்து முடிவது. ரகசியம் ஏழு வருஷமாக அந்த வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருப்பது. நாவலுக்கு நீளம் கொடுப்பது இரண்டாவதுதான்.

ரகசியத்தை நாலு வரியில் எழுதுங்கள்

நோட்டில் நாலு வரிதான். என்ன நடந்தது, யாருக்கெல்லாம் தெரியும், வெளியே தெரிந்தால் ஒவ்வொருவரும் எதை இழப்பார்கள், அந்த ரகசியம் எந்தக் காகிதத்தில் ஒளிந்திருக்கிறது. கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் குடும்ப ரகசியம் டைரியில் இருப்பதில்லை. பீரோவின் லாக்கரில், பிளாஸ்டிக் கவருக்குள், பிறப்புச் சான்றிதழாகவோ ரேஷன் கார்டாகவோ வாரிசுச் சான்றாகவோ வில்லங்கச் சான்றாகவோ இருக்கும்.

உதாரணத்துக்கு நாமே ஒரு குடும்பத்தைக் கட்டுவோம். அயனாவரத்தில் ஒரு வாடகை வீடு. சரவணன், மனைவி கவிதா, ஏழு வயது மகன் மகிழ், சரவணனின் அம்மா ராஜம்மா. சரவணனுக்கு ஒரு தங்கை, செல்வி. அவள் ஏழு வருஷமாக வீட்டுக்கு வருவதில்லை. மகிழ் செல்வி பெற்ற பிள்ளை. கல்யாணமாகாத பத்தொன்பது வயதுப் பெண்ணைச் சின்ன நர்ஸிங் ஹோம் ஒன்றில் அண்ணியின் பெயரில் சேர்த்தார்கள். அதனால் மாநகராட்சிப் பதிவில் தாய் என்ற இடத்தில் கவிதாவின் பெயர் இருக்கிறது. பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. பெயர் வைக்காமலே பதிவு செய்துவிட்டு 15 வருஷத்துக்குள் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். மகிழின் சான்றிதழில் பெயர்க் கட்டம் மூன்று வருஷம் காலியாகவே இருந்தது. ஏன்? செல்வி ஒரு பெயர் சொல்லியிருந்தாள், கவிதா வேறொன்று விரும்பினாள். பாருங்கள், ஒரு காலிக் கட்டத்துக்குள்ளேயே ஒரு அத்தியாயம் வந்துவிட்டது.

உறவுக்குள் தத்து கொடுக்க 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டத்திலேயே வழி உண்டு. பத்திரம் எழுதிப் பதிவு செய்திருந்தால் போதும். மானத்துக்குப் பயந்து அதைச் செய்யாமல் பொய்ப் பதிவு செய்தார்கள். இப்போது பிள்ளை காணோம். உண்மையைச் சொன்னால் போலீஸ் தேடுவது எளிது, ஆனால் சொன்னவர்கள்மேலேயே வழக்கு வரும், பிள்ளையும் சட்டப்படி கையைவிட்டுப் போகலாம். வாயைத் திறந்தாலும் ஆபத்து, மூடினாலும் ஆபத்து. இந்தப் பிடி இல்லாத ரகசியத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். தாத்தாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்பது வம்புப் பேச்சு. அந்தக் குடும்பத்துக்கு இந்த வீட்டில் பங்கு உண்டு என்றால்தான் அது கதை.

இந்தக் குடும்பம் பிடிக்கவில்லையா, வேறு விதைகளும் கிடக்கின்றன. தமிழ்நாட்டில் 1989-இலேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்துவிட்டது. ஆனால் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமான பெண்களுக்கு அப்போது அது கிடைக்கவில்லை. ஒரே வீட்டில் 1988-இல் கல்யாணமான அக்கா, 1990-இல் கல்யாணமான தங்கை. இதற்கு மேல் என்ன வேண்டும்? பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தின்போது தொட்டிலில் விடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இன்று முப்பது வயது தாண்டியிருக்கும், அவளுக்கே ஒரு மகள் இருப்பாள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனையோ வீடுகளில் பத்திரங்கள் நனைந்து கூழாயின. அப்படிப் போனதாகச் சொல்லப்படும் ஒரு காகிதம் உண்மையில் போகாமல் இருந்தால்?

எந்த வருஷம் என்று முடிவு செய்யுங்கள்

இதைச் சொன்னால் புதியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் சஸ்பென்ஸ் கதையில் வருஷத்தை மாற்றினால் கதையே மாறிவிடும். நம் கதை 2024 ஜனவரி 17, புதன்கிழமை, காணும் பொங்கலன்று நடக்கிறது என்று வையுங்கள். அன்று கடற்கரை ஸ்டேஷனிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை பறக்கும் ரயில் கிடையாது. நாலாவது தண்டவாள வேலைக்காக 2023 ஆகஸ்டில் நிறுத்தி, 2024 அக்டோபரில்தான் மறுபடி விட்டார்கள். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை; எது எங்கே நிற்கும் என்று யாருக்கும் பழகியிருக்காது. எஃப்.ஐ.ஆர். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 363-இல் பதிவாகும்.

அதே கதையை ஒரு வருஷம் தள்ளி 2025 ஜனவரியில் வைத்தால் பறக்கும் ரயில் கடற்கரை வரை ஓடும், வழக்கு பாரதிய நியாய சன்ஹிதா 137-ஆவது பிரிவில் வரும். 2024 ஜூலை 1 முதல் அதுதான் சட்டம். பணம் கேட்டு மிரட்டினால் பழையதில் 364-ஏ, புதியதில் 140. உங்கள் எஸ்.ஐ. வாயில் தப்பான எண் வந்தால், தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

முதல் ஆறு மணி நேரம்

இந்தப் பகுதிக்கு நேரம் செலவழியுங்கள். நாவலில் மூன்றில் ஒரு பங்கு இதற்கே போகலாம்.

என் முதல் தொடர்கதையில் பெற்றோர் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள், இன்ஸ்பெக்டர் "24 மணி நேரம் போகட்டும், அப்புறம் வாங்க" என்கிறார். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவர் இருந்தார். படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "தம்பி, புள்ள காணோம்னு வந்தா அப்படி யாரும் சொல்லக் கூடாது. நீ எழுதினதைப் படிச்சிட்டு நாளைக்கு ஒரு தாய் நிஜமாவே 24 மணி நேரம் வீட்லயே உக்காந்திருந்தா?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது. குழந்தையைக் காணோம் என்று புகார் வந்தால், கடத்தப்பட்டிருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு உடனே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நாலு மாதத்தில் கிடைக்காவிட்டால் வழக்கை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அவசர எண் 112. கதையில் இவற்றைச் சரியாகப் போடுங்கள்.

ஆனால் உத்தரவு வேறு, ஒரு ஸ்டேஷனின் மாலை நேரம் வேறு. எஃப்.ஐ.ஆருக்குப் பதிலாக, புகாரை வாங்கிக்கொண்டோம் என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்க்கலாம். எல்லைக் கேள்வி வரலாம். மெரினாவிலேயே டி-5 மெரினா, டி-6 அண்ணா சதுக்கம் என்று இரண்டு காவல் நிலையங்கள். வீடு அயனாவரத்தில். பையன் கடைசியாகத் தென்பட்ட கிளாம்பாக்கமோ தாம்பரம் கமிஷனருக்குக் கீழே. 2022-இல் சென்னையைப் பிரித்து ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் தனி கமிஷனர் போட்டார்கள். எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கிப் பதிவு செய்துவிட்டுப் பிறகு உரிய இடத்துக்கு அனுப்பலாம் என்பது விதி. அந்த விதி தெரிந்த ஒரு பெண் ஏட்டு உங்கள் கதையில் இருந்தால் கவிதாவுக்கு ஒரு துணை கிடைக்கும். போலீஸில் எல்லோரையும் கெட்டவர்களாகவோ எல்லோரையும் சூரர்களாகவோ எழுதுவது சோம்பேறித்தனம் என்பது என் எண்ணம்.

இடத்தையும் யோசியுங்கள். மெரினாவில் பிள்ளை காணோம் என்றால் யாருக்கும் முதலில் கடத்தல் நினைவுக்கு வராது. எல்லோரும் தண்ணீரைப் பார்ப்பார்கள். அன்று குளிக்க விடாமல் தடுப்பு கட்டியிருப்பார்கள், இருந்தாலும் பார்ப்பார்கள். சரவணன் முட்டிவரை அலையில் நின்று "மகிழ்... மகிழ்..." என்று கத்துகிறான். கவிதா மணலில் கிடக்கும் செருப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறாள், பையனுடையது நீலமா பச்சையா என்று அவளுக்கே திடீரென்று மறந்துபோகிறது. இரண்டு மணி நேரம் ஒரு குடும்பமே கிழக்கே பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளை மேற்கே போய்விட்டான். கூட்டத்தில் போன் லைன் கிடைக்காது. செல்போன் டவர் பதிவை எடுத்தால் அந்த நேரத்தில் அங்கே லட்சக்கணக்கான எண்கள். வாசகரை நகத்தைக் கடிக்க வைக்க இருட்டறையும் முகமூடியும் தேவையே இல்லை.

ராஜம்மா மட்டும் கடலைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதை ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போங்கள். நூறு பக்கம் கழித்து வாசகர் அந்த வரிக்குத் திரும்பி வருவார்.

வழியை நடந்து பாருங்கள்

வரைபடத்தில் பார்த்து எழுதாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளையின் நடையில் காமராஜர் சாலையிலிருந்து திருவல்லிக்கேணி பறக்கும் ரயில் நிலையம் எவ்வளவு நேரம்? காணும் பொங்கல் கூட்டத்தில் அதுவே இரண்டு மடங்காகும். அங்கிருந்து வேளச்சேரி, பிறகு பஸ். ஒரு நாள் போய் வாருங்கள். எங்கே கேமரா இருக்கிறது, எந்தக் கடை வாசலில் உட்கார்ந்திருப்பவர் எல்லோரையும் கவனிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைகளின் சிசிடிவி பதிவு நிரந்தரமாக இருக்காது, ஹார்டு டிஸ்க் நிரம்பினால் பழையதன்மேல் புதியது ஏறிவிடும். அது உங்களுக்கு ஒரு கெடு வைத்துக் கொடுக்கிறது. இன்னொன்று: பண்டிகை முடிகிற அன்று எல்லோரும் சென்னைக்குத் திரும்பும் நேரம். வருகிற பஸ் நிரம்பி வழியும், போகிற பஸ் காலியாக இருக்கும். காலி பஸ்ஸில் ஏறிய ஒரு பெண்ணையும் பையனையும் கண்டக்டர் மறக்கமாட்டார்.

பிள்ளையை ஆளாக்குங்கள்

பெரும்பாலான கடத்தல் கதைகளில் குழந்தை ஒரு நகைப்பெட்டி மாதிரி. தொலைகிறது, தேடுகிறார்கள், கிடைக்கிறது. மகிழுக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும், யாரிடம் பொய் சொல்வான் என்று இரண்டு பக்கம் எழுதி வையுங்கள். என் மகிழுக்குப் பாலில் ஆடை மிதந்தால் குமட்டும். அப்பாவின் எண்ணை மனப்பாடமாகச் சொல்வான். ஆயாவோடு மாடிப்படியில் உட்கார்ந்து போனில் ஒரு அத்தையிடம் பேசுவான். அதை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று அவனுக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. பெற்றவளை அத்தை என்று கூப்பிடுகிறான். அதே வீட்டில் கவிதா தன் மாமியாரை அத்தை என்று கூப்பிடுகிறாள். ஒரே சொல் இரண்டு பேர் வாயில் இரண்டு பாரத்தோடு வருகிறது. இப்படிக் கிடைப்பதை விட்டுவிடாதீர்கள்.

சட்டத்தில் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. குழந்தை விருப்பப்பட்டே கூடப் போயிருந்தாலும் கடத்தல்தான், சம்மதம் சொல்ல வேண்டியவர் காப்பாளர். ஆனால் தனக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது என்று நல்லெண்ணத்தோடு நம்பி அழைத்துப் போனவருக்கு விலக்கு உண்டு. செல்வி எதை நம்பினாள்? உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு வரும்போது நீதிபதி முன் நிற்கப்போவது இந்தக் கேள்விதான்.

குழந்தைக்கு நேரும் கொடுமையை விவரித்து எழுதிப் பதற வைக்காதீர்கள். கதவு மூடினால் மூடியதாகவே இருக்கட்டும். உண்மை வழக்கு ஒன்றைத் தழுவி எழுதினால் பெயர், பள்ளி, தெரு எல்லாவற்றையும் மாற்றுங்கள். குழந்தையை அடையாளம் காட்டுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாதது அது.

யார்மேல் சந்தேகத்தைத் திருப்புவது

2018 மே மாதம். பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குப் போக திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் காரில் போனது. வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். அதைப் பார்த்துக் கூட்டம் கூடி அடித்ததில் அந்தக் குடும்பத்தின் வயதான அம்மா இறந்துபோனார்.

நம் வகைக் கதைகளில் சந்தேகத்துக்கு எப்போதும் ஒரு வெளியாள் நிறுத்தப்படுகிறார்: வடமாநிலத் தொழிலாளி, திருநங்கை, ஊசிமணி விற்கிறவர், பிச்சை எடுக்கிறவர். வாசகர் மனதில் ஏற்கெனவே இருக்கும் பயத்தை ஓசியில் எடுத்துக்கொள்வது அது. தயவுசெய்து செய்யாதீர்கள். கூட்டம் அப்படிச் சந்தேகப்படுவதை எழுதலாம், எழுதத்தான் வேண்டும். என் கதையில் பலூன் விற்கும் ஒருவரைப் பிடித்துக் கட்டிவைக்கிறார்கள். ராஜம்மா பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவரை விட்டுவிடுவார்கள். சொல்லவில்லை. கடத்தியவனைவிட மோசமான காரியத்தை அன்று அந்த வீட்டுப் பெரியவள் செய்கிறாள். வாசகருக்கு அவளைப் பிடிக்காமல் போகும், அவளுடைய பயமும் புரியும்.

வாசகரிடம் மறைக்கலாம், ஏமாற்றக் கூடாது. ராஜம்மாவின் மனதுக்குள் போய் எழுதிவிட்டு அவளுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லாமல் விட்டால் அது ஏமாற்று. அவளை வெளியிலிருந்து மட்டும் காட்டினால் மறைப்பு. அதனால் யார் கண்ணில் எந்த அத்தியாயம் என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள்.

பேச்சு

குடும்ப ரகசியம் பேசும்போது வெளிவருவதைவிடப் பேச்சு தடுக்கும் இடத்தில் நன்றாக வெளிவரும். கீழே ஒரு துண்டு.

"பையன் பொறந்த ஆஸ்பத்திரி எதும்மா?" என்று கேட்டார் எஸ்.ஐ.

கவிதா சரவணனைப் பார்த்தாள். சரவணன் அம்மாவைப் பார்த்தான்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு சார்?" என்றாள் ராஜம்மா. "மொதல்ல புள்ளையத் தேடுங்க."

ஏட்டம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

எந்தத் தாயும் மூச்சுவிடாமல் பதில் சொல்கிற கேள்வி அது. ஏட்டம்மாவுக்கும் பிள்ளைகள் இருக்கும், அதனால்தான் நிமிர்கிறார். அதற்குமேல் ஒரு விளக்க வரி சேர்த்தால் கெட்டுவிடும். வீட்டுக்குள்ளே "அந்தப் பேச்சை எடுக்காத", "உங்க அப்பா இருந்திருந்தா" மாதிரி வரிகளுக்கு நிறைய கனம் உண்டு. சென்னைப் பேச்சைக் காமெடிக்காக மிகையாக்காமல், தெருவில் காதில் விழுகிற அளவுக்கு எழுதுங்கள்.

எப்படி நடந்தது என்பதை இப்போது வையுங்கள்

இவ்வளவும் கையில் இருந்தால் கடத்தல் தானாகவே வரும். அன்று கடற்கரையில் தூரத்திலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ராஜம்மாதான் மகளை வரச் சொல்லியிருந்தாள். பட்டையில் அவள் எண்ணைக் கொடுத்தாள். மகிழ் கூட்டத்தில் கை நழுவினான். சுண்டல் விற்கும் பையன் ஒருவன் அழும் பிள்ளையின் பட்டையைப் பார்த்து அந்த எண்ணைக் கூப்பிட்டான். பத்து நிமிஷத்தில் செல்வி வந்தாள். யாரும் திட்டம் போடவில்லை. கையைப் பிடித்தாள், விட முடியவில்லை.

மகிழின் கதையை எழுதி முடித்ததும் நான் முதலில் என் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து படித்தார். கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "புள்ள அன்னிக்கு ராத்திரி என்னடா சாப்ட்டான்?" என்று கேட்டார். மூன்று அத்தியாயம் அவனை அலையவிட்டிருந்தேன், ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை.

திரும்பிப் போய் கிளாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை வைத்தேன். ஒரு பன், ஒரு கிளாஸ் பால். மறுநாள் போலீஸ் விசாரிக்கும்போது கடைக்காரர் சொல்கிறார்: "அந்தப் பொண்ணு ஸ்பூனால ஆடைய எடுத்துப் போட்டுட்டுதான் சார் பையன்கிட்டக் குடுத்துச்சு." ஏட்டம்மா பக்கத்தில் நிற்கும் கவிதாவைத் திரும்பிப் பார்க்கிறார். கவிதா ராஜம்மாவைப் பார்க்கிறாள்.